பக்கத்தின் படமும் படித்தவர் படமும்

(எங்கள் ஊர்ப் பொது நூலகத்து வாசகர் வட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



முப்பத்தாறு ஆண்டுக் காலம் அஞ்சலகத்தில் பிறர் கடிதங்களைக் கையால் தொட்டு, அவற்றின் உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாமலே ஊர் ஊராகப் பிரித்து அனுப்பி, அப்படி அறியாமல் இருந்ததற்காகவே மாதச் சம்பளமும் பெற்று ஓய்ந்துவிட்ட ஒரு கிழவனை, ‘ஸ்கிரீன்ஷாட்’ என்னும் இன்றைய விஷயத்தைப் பற்றிப் பேசும்படி இந்த வட்டத்தார் அழைத்தார்கள் என்றால், அதற்குக் காரணம் என் ஞானமன்று. சென்ற மார்கழியில் நான் செய்த ஓர் அசட்டுக் காரியம் இந்த ஊரில் பாதிப் பேருக்குத் தெரிந்துபோனதுதான் காரணம். ஆகையால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

அஞ்சலட்டைகளின் சரித்திரத்தைப் பற்றி ஓர் இணைய இதழில் நல்ல கட்டுரை ஒன்று வந்திருந்தது. நம் நாட்டில் 1879ஆம் ஆண்டு கால் அணா விலையில் அஞ்சலட்டை முதன்முதலாக விற்பனைக்கு வந்த கதையை, அந்தத் தொழிலிலே ஊறிய எனக்கே சுவையாக இருக்கும்படி ஒருவர் எழுதியிருந்தார். எங்கள் ஓய்வூதியர் வாட்ஸ்அப் குழுவில் நாற்பத்துமூன்று பேர் இருக்கிறோம், அவர்களும் படித்து மகிழட்டும் என்ற நல்லெண்ணத்தோடு, பேத்தி கற்றுக்கொடுத்தபடி கைப்பேசியின் பக்கவாட்டுப் பொத்தான்கள் இரண்டையும் ஒருசேர அழுத்தினேன், திரை ஒரு முறை கண் சிமிட்டியது, படம் பிடிபட்டது, அனுப்பிவிட்டுப் படுத்துவிட்டேன்.

விடிந்ததும் அழைப்பு வந்தது. “அண்ணாச்சி, சுகர் எவ்வளவு இருக்கு?” என்று கேட்டார் பழைய சகா ஒருவர். அவருக்கு அடுத்தவர், “ராத்திரி ரெண்டே முக்காலுக்கு முழிச்சுக்கிட்டு என்ன செய்றீக?” என்றார். மூன்றாமவர் ஒருபடி மேலே போய், காது கேட்கும் கருவியை அந்த விலைக்கு வாங்க வேண்டாம் என்றும், தமக்குத் தெரிந்த இடத்தில் பாதி விலைக்குக் கிடைக்கும் என்றும் அன்போடு யோசனை சொன்னார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு நான் அனுப்பிய படத்தை நானே பார்த்தபோதுதான் எல்லாம் விளங்கிற்று. படத்தின் தலைமாட்டில், ஒரு பரிசோதனைக் கூடத்திலிருந்து என் பெயருக்கு வந்த செய்தி, இரத்தச் சர்க்கரை அறிக்கை தயார் என்று பளிச்சென்று நின்றது. அதற்கு மேலே நேரம், 2.47. கட்டுரையின் இரண்டாம் பத்திக்கும் மூன்றாம் பத்திக்கும் நடுவே, முந்தின வாரம் நான் யாருக்கும் சொல்லாமல் தேடிப் பார்த்த காதுக் கருவியின் விளம்பரம். அஞ்சலட்டையைப் பற்றி மட்டும், நாற்பத்துமூன்று பேரில் ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

சிரிக்கிறீர்கள். நானும் பிறகு சிரித்தேன். ஆனால் அன்று முழுவதும் ஒரு கேள்வி என்னை விடவில்லை. நான் எதைப் படம் பிடித்தேன்? இணையத்திலுள்ள ஒரு பக்கத்தை என்றுதான் நினைத்தேன். அந்தப் பக்கம் உலகத்துக்கே பொதுவானது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், ஆகையால் அதன் படத்தில் மறைக்க என்ன இருக்கிறது என்பது என் எண்ணம். உங்களில் பலருடைய எண்ணமும் அதுவாகவே இருக்கும். ஆனால் கையில் வந்த படம், நான் அந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்த நிலையின் படம். இன்ன நேரத்தில், இன்ன வியாதியோடு, இன்ன கவலையோடு, இன்ன பெயருள்ள ஒருவன் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தான் என்பதற்கு அவனே கையொப்பமிட்டுக் கொடுத்த வாக்குமூலம். நான் இன்று சொல்ல வந்தது முழுவதும் இந்த ஒரு விஷயம்தான். மற்றவையெல்லாம் இதன் விரிவு.

அச்சிட்ட புத்தகத்துக்கும் இணையப் பக்கத்துக்கும் உள்ள பேதத்தை இங்கே கொஞ்சம் கவனிக்க வேண்டும். இந்த நூலகத்து அலமாரியிலுள்ள ஒரு புத்தகத்தின் நாற்பதாம் பக்கம், அதைத் திறப்பவர் ஜில்லா ஆட்சியரானாலும் சரி, வாசலில் செருப்புக்குக் காவல் இருக்கும் பையனானாலும் சரி, ஒரே பக்கந்தான். இணையப் பக்கம் அப்படியன்று. அதன் நடுவிலுள்ள கட்டுரை வேண்டுமானால் எல்லாருக்கும் ஒன்றாக இருக்கலாம். ஓரங்கள் ஆளுக்கு ஆள் மாறுகின்றன. விளம்பரம் நீங்கள் முன்பு தேடியதற்கு ஏற்ப வருகிறது. ‘இதையும் படியுங்கள்’ என்று கீழே வரும் தலைப்புகள் நீங்கள் எதை விரும்பிப் படிப்பவர் என்பதற்கு ஏற்ப வருகின்றன. வலப்பக்க மூலையில் ஒரு சிறு வட்டத்துக்குள் உங்கள் பெயரின் முதலெழுத்தோ புகைப்படமோ உட்கார்ந்திருக்கிறது. கணினியாக இருந்தால், பக்கத்துக்கு மேலே வரிசையாகத் திறந்து வைத்த மற்றப் பக்கங்களின் தலைப்புகள் வேறு: ஒன்றில் வீட்டுக் கடன் வட்டி, ஒன்றில் விவாகரத்து வக்கீல், ஒன்றில் முழங்கால் வலிக்கு எண்ணெய். அதற்கும் அடியில் முகவரி வரி இருக்கிறது. அதில் கேள்விக்குறிக்குப் பின்னால் நீளமாக ஓடும் எழுத்துக்களையும் எண்களையும் நாம் பொருளற்ற கிறுக்கல் என்று நினைத்துத் தள்ளிவிடுகிறோம். சில தளங்களில் உங்களை இன்னார் என்று அறிந்து உள்ளே விடும் சாவியே அந்தக் கிறுக்கல்தான். கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளும்படி வரும் சுட்டியெல்லாம் இந்த ஜாதியைச் சேர்ந்தது.

இவற்றையெல்லாம் நாம் ஏன் பார்ப்பதில்லை என்றால், மனிதக் கண்ணின் சுபாவம் அப்படி. எதைத் தேடுகிறதோ அதைத்தான் அது பார்க்கும். படம் எடுத்தவன் கண்ணுக்குக் கட்டுரை மட்டும் தெரிகிறது. அந்தப் படத்தைப் பெற்றவன், கட்டுரையில் அக்கறையில்லாதவனாக இருந்தால், அவன் கண் முதலில் ஓரத்துக்குத்தான் போகும்.

இது என்னைப் போன்ற கிழவர்களுக்கும் கைநாட்டுப் பேர்வழிகளுக்கும் மட்டும் நேர்வது என்று எண்ணிவிட வேண்டாம். 2020ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் தேதி, கொரோனா நோய் கண்டு தனித்திருந்த பிரிட்டிஷ் பிரதம மந்திரி போரிஸ் ஜான்சன், தம் மந்திரி சபை ஜூம் வழியாகக் கூடியதைப் பெருமையாக உலகுக்குக் காட்ட வேண்டி, கணினித் திரையின் படத்தை ட்விட்டரில் போட்டார். மந்திரிகளின் முகங்கள் கட்டம் கட்டமாக அதில் தெரிந்தன. இடப்பக்க மேல் மூலையில் அந்தக் கூட்டத்தின் அடையாள எண்ணும் தெரிந்தது. சில மந்திரிகள் எந்தப் பெயரில் உள்ளே வந்திருந்தார்கள் என்பதும் தெரிந்தது.

அதற்குச் சுமார் எட்டு மாதம் கழித்து நடந்தது இன்னும் ரசமானது. அந்த ஆண்டு நவம்பர் 20ஆம் தேதி, ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாப்பு மந்திரிகள் திரைவழியே ரகசியமாகக் கூடினார்கள். நெதர்லாந்து மந்திரி ஆங்க் பெய்லெவெல்டின் கணக்கிலிருந்து ட்விட்டரில் ஒரு படம் வெளிவந்தது. அதிலே கூட்டத்துக்குள் நுழையும் முகவரியும், ஆறு இலக்க ரகசிய எண்ணில் ஐந்து இலக்கங்களும் தெரிந்தன. ஆறாவது இலக்கத்தைக் கண்டுபிடிக்க என்ன கஷ்டம்? சைபர் முதல் ஒன்பது வரை பத்தே தடவை முயன்றால் போதும். டானியேல் வெர்லான் என்னும் டச்சுப் பத்திரிகையாளர் அப்படியே முயன்று உள்ளே போய்விட்டார். மந்திரிகளுக்கு நடுவே திடீரென்று ஒரு கட்டத்தில் டீ-ஷர்ட் போட்ட இளைஞர் ஒருவர் தோன்றிக் கையசைத்தால் எப்படியிருக்கும்? கூட்டத்தை நடத்திக்கொண்டிருந்த யோசேப் பொரெல், இது ரகசியக் கூட்டம் என்று தெரியுமா, இது குற்றம், போலீஸ் வருவதற்குள் வெளியே போவது நல்லது என்று சொல்ல, மற்ற மந்திரிகளில் சிலர் சிரித்துவிட்டார்களாம். பத்திரிகையாளரும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மரியாதையாக வெளியேறினார். ஒரு கண்டத்தின் பாதுகாப்பைக் கவனிப்பவர்களுக்கே படத்தின் ஓரம் கண்ணில் படவில்லை என்றால், ராத்திரி 2.47க்கு எனக்குப் படாததில் பெரிய அவமானம் இல்லை என்று அன்று சமாதானம் செய்துகொண்டேன்.

நம் வீடுகளுக்கு வருவோம். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகும் நாளில், நம் ஊர்க் குழுக்களிலெல்லாம் மதிப்பெண் பக்கத்தின் படங்கள் வந்து குவிகின்றன. பெற்றவர்களின் ஆனந்தத்தைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் அந்தப் பக்கத்தைத் திறப்பதற்கு வேண்டியவை தேர்வு எண்ணும் பிறந்த தேதியும். அவற்றை நிரப்பித் திறந்த திரையைத்தான், மகளின் பெயர் சகிதமாக அப்படியே படம் பிடித்து அனுப்புகிறோம். மின்வடிவ ஆதார் கோப்பைத் திறக்கும் கடவுச்சொல் என்ன தெரியுமா? பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துக்களும், பிறந்த வருஷமும். வங்கிகள் மின்னஞ்சலில் அனுப்பும் கணக்கு அறிக்கைகள் பலவற்றுக்கும் இதே தினுசில்தான் பூட்டு. அந்தப் பூட்டுக்களுக்கெல்லாம் வேண்டிய பெயரையும் பிறந்த நாளையும், மகள் 580 வாங்கினாள் என்ற சந்தோஷத்தில், நாமே முந்நூறு பேருக்கு விநியோகம் செய்கிறோம். ரயில் பயணச் சீட்டின் படமும் இப்படியே. பத்து இலக்கப் பி.என்.ஆர். எண் கையில் இருந்தால் அந்தப் பயணத்தின் நிலையை ரயில்வேயின் தளத்தில் யாரும் பார்க்கலாம்; குடும்பத்தோடு காசிக்குப் புறப்படுகிறோம் என்று பெட்டி எண்ணும் படுக்கை எண்ணும் போட்டு அறிவிப்பது, வீடு இத்தனை நாள் பூட்டிக் கிடக்கும் என்று வாசலில் பலகை மாட்டுவதற்குச் சமானம். 2021இல் கொரோனாத் தடுப்பூசிச் சான்றிதழை எல்லாரும் படமாகப் போட்டுப் பெருமைப்பட்டபோது, அப்படிப் போடாதீர்கள் என்று மத்திய அரசின் ‘சைபர் தோஸ்த்’ கணக்கிலேயே எச்சரிக்கை வந்தது. எத்தனை பேர் காதில் வாங்கினோம்?

“அதற்கென்ன, வேண்டாததை வெட்டிவிட்டு அனுப்பலாமே, மையைப் பூசி மறைத்துவிடலாமே” என்று இளைஞர் ஒருவர் முன்வரிசையில் மெல்லச் சொல்வது கேட்கிறது. காதுக் கருவி வாங்கிவிட்டேன், தம்பி, பாதி விலைக்குத்தான்.

வெட்டுவதைப் பற்றி ஒரு கதை உண்டு. கூகுள் நிறுவனத்தின் பிக்ஸல் கைப்பேசிகளில் படத்தை வெட்டித் திருத்துவதற்கு ஒரு கருவி இருந்தது. அதில் வெட்டிய படங்களில், வெட்டி எறிந்ததாக நாம் நினைத்த பகுதி பல சமயங்களில் போகவே இல்லை என்பதை 2023ஆம் ஆண்டு மார்ச் மாதம் சைமன் ஆரன்ஸ், டேவிட் புக்கானன் என்னும் இருவர் வெளிப்படுத்தினார்கள். நடந்தது இதுதான். ஒரு பலகையில் நூறு வரி எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சுருக்கி இருபது வரியாக அதே பலகையில் எழுத வேண்டும். ஒழுங்காகச் செய்பவன் பலகையைக் கழுவிவிட்டு எழுதுவான். அந்தக் கருவியோ, முதல் இருபது வரிகளின் மேல் புதிய இருபது வரிகளை எழுதி, அதன் கீழே ‘முற்றும்’ என்று ஒரு குறியும் போட்டுவிட்டு, மீதி எண்பது வரிகளை அப்படியே விட்டுவிட்டது. படத்தைத் திறந்து காட்டும் செயலிகள் ‘முற்றும்’ என்ற குறியைக் கண்டதும் மரியாதையாக நின்றுவிடும். ஆகையால் யார் கண்ணுக்கும் மீதி தெரியவில்லை. விஷயம் தெரிந்தவன் குறியைத் தாண்டிப் படித்தால், வெட்டிய பகுதியில் பெரும்பங்கை மீட்டுவிடலாம். சில நாட்களுக்குள்ளாகவே விண்டோஸ் கணினிகளில் படம் வெட்டும் கருவியிலும் இதே தவறு இருந்தது தெரியவந்தது. இரண்டையும் சரி செய்துவிட்டார்கள். ஆனால் பிழை திருத்தியது கருவிக்குத்தான். அதற்கு முன் பல வருஷங்களாக வெட்டி அனுப்பப்பட்டு, எங்கெங்கோ கிடக்கும் படங்களை யார் போய்த் திருத்துவது?

மை பூசுவதும் அப்படியே. கைப்பேசியில் உள்ள ‘ஹைலைட்டர்’ பேனா, பார்வைக்குக் கறுப்பாகத் தெரிந்தாலும், உண்மையில் மெல்லிய திரைதான். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் கீழேயுள்ள எழுத்து, ஜமுக்காளத்தடியில் ஒளிந்த குழந்தையைப் போல எட்டிப் பார்க்கும். எண்களைக் கட்டம் கட்டமாக மங்கச் செய்து மறைப்பவர்கள் உண்டு. எண்கள் மொத்தமே பத்துத்தான். ஒவ்வொன்றையும் அதேபோல மங்கச் செய்து, எது ஒத்துப்போகிறது என்று கணினி ஒப்பிட்டுப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். முகத்தைச் சுழித்து மறைத்தாலும் நிச்சயமில்லை. குழந்தைகளுக்குக் கொடுமை செய்த ஒரு பாதகன் தன் முகத்தை நீர்ச்சுழி போலச் சுழித்துப் படங்களை வெளியிட்டிருந்தான். 2007இல் ஜெர்மனிப் போலீஸார் அந்தச் சுழியைத் திருப்பிச் சுழற்றி நேராக்க, இண்டர்போல் அந்த முகத்தை உலகுக்குக் காட்ட, சில நாட்களில் அவன் தாய்லாந்தில் பிடிபட்டான். அந்த விஷயத்தில் திரை விலகியதற்கு நாம் சந்தோஷப்படுகிறோம். ஆனால் கணிதத்துக்குப் பாதகன், பத்தினி என்ற பேதம் தெரியாது. மறைக்கத்தான் வேண்டும் என்றால், கனத்த கறுப்புக் கட்டத்தை மேலே வைத்து மூடி, அப்படி மூடியதையே திரும்பவும் ஒரு தடவை படம் பிடித்து, அந்த இரண்டாவது படத்தை அனுப்புவது ஓரளவு தேவலை. இவ்வளவு சிரமப்பட்ட பிறகும் கோப்பின் பெயரைப் பார்க்க மறந்துவிடுவோம். சில கைப்பேசிகள் படம் எடுத்த நாளையும் மணியையும் மட்டுமல்லாமல், எந்தச் செயலியிலிருந்து எடுத்தது என்பதையும் பெயரிலேயே எழுதிவைக்கின்றன. மின்னஞ்சலில் இணைத்தால் அந்தப் பெயரும் கூடவே போய்ச் சேரும்.

இதுவரை சொன்னது நம்முடைய அந்தரங்கத்தை நாமே சிந்திவிடுவதைப் பற்றி. சர்க்கரை என்னுடையது, தூக்கமின்மை என்னுடையது. அவை வெளிப்பட்டால் நஷ்டம் எனக்கு. ஆனால் ஸ்கிரீன்ஷாட்டுகளில் பல, உள்ளபடி பார்த்தால், இந்த ரகமல்ல. ஒருவர் நமக்கு எழுதியதை நாம் படம் பிடித்து வேறொருவருக்கு அனுப்புவதே இன்று கோடிக்கணக்கில் நடக்கிறது. ஓர் அஞ்சல் ஊழியனாக எனக்கு மனத்தில் தைப்பது இந்த இடந்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது அமலில் இருந்தது 1898ஆம் வருஷத்து அஞ்சலகச் சட்டம். பிறர் கடிதத்தை அக்கிரமமாகத் திறக்கும் அஞ்சல் ஊழியனுக்கு இரண்டு ஆண்டு வரை சிறை என்று அதில் விதித்திருந்தது. சர்க்காருக்கு மட்டும் ஒரு புழைக்கடை வழி வைத்திருந்தார்கள் என்பது வேறு விஷயம். அந்தச் சட்டத்தைப் படித்துப் பயந்து நாங்கள் ஒழுங்காக இருந்தோம் என்று சொல்ல மாட்டேன். ஒட்டிய உறையை விளக்கின் முன் தூக்கிப் பிடிப்பதே அசிங்கம் என்ற ஓர் உணர்ச்சி எங்களுக்குள் ஊறியிருந்தது. அது அனுப்புகிறவருக்கும் பெறுகிறவருக்கும் நடுவில் நிற்பவனுக்குரிய தர்மம். பெறுகிறவருக்கு என்ன தர்மம் என்பதைப் பற்றி எங்கள் சட்டம் ஒன்றும் சொல்லவில்லை. கடிதத்தைக் கையில் வாங்கியபின் அது அவருடைய சொத்து, அதை அவர் என்ன செய்தால் என்ன என்றுதான் நானும் நெடுங்காலம் எண்ணியிருந்தேன்.

அப்படியன்று என்பதை, இந்த உரைக்காகச் சில சட்டப் புத்தகங்களைப் புரட்டியபோதுதான் அறிந்துகொண்டேன். இங்கிலாந்தில் அலெக்ஸாண்டர் போப் என்று ஒரு மகாகவி இருந்தார். அவருக்கும் அவருடைய நண்பரும் பேர்பெற்ற எழுத்தாளருமான ஸ்விஃப்டுக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்தை, எட்மண்ட் கர்ல் என்னும் புத்தக வியாபாரி, அனுமதியில்லாமல் அச்சிட்டு விற்றான். போப் வழக்குத் தொடுத்தார். 1741ஆம் ஆண்டு அந்த வழக்கைத் தீர்த்த ஹார்ட்விக் பிரபு ஓர் அழகான பாகுபாடு செய்தார்: கடிதத்தைப் பெற்றவருக்கு அந்தக் காகிதத்தின்மேல் பாத்தியதை இருக்கலாம், ஆனால் அதிலுள்ள வாசகத்தை ஊருக்குப் பிரசுரம் செய்யும் உரிமை அதனால் அவருக்கு வந்துவிடாது, அது எழுதியவரிடமே நிற்கிறது. அந்த நியாயாதிபதி இதோடு நிறுத்தவில்லை. அந்தத் தர்க்கத்தின்படியே, போப் தாமே எழுதிய கடிதங்களை விற்பதற்கு மட்டுந்தான் தடை கொடுத்தார். போப்புக்குப் பிறர் எழுதிய கடிதங்களின் பேரில் போப்புக்கே பாத்தியதை இல்லை என்று அவற்றை விட்டுவிட்டார். (இந்தப் போப்பே சில வருஷங்களுக்கு முன்பு, தம் கடிதங்கள் கர்லின் கையில் திருட்டுத்தனமாகக் கிடைப்பது போல மறைமுகமாக ஏற்பாடு செய்து, அவன் வெளியிட்டதும் ஐயோ என்று அலறினார் என்பதும் சரித்திரம். அந்தரங்கம் பறிபோயிற்று என்று அழுகிறவர்கள் எல்லாரையும் நம்பிவிட முடியாது.)

காகிதம் வேறு, வாசகம் வேறு. இருநூற்றெண்பது வருஷத்துக்கு முந்திய இந்தப் பாகுபாட்டை உங்கள் கைப்பேசியோடு பொருத்திப் பாருங்கள். தங்கை ஒருத்தி, புகுந்த வீட்டில் படும் பாட்டை அக்காளுக்கு மட்டும் என்று நம்பி இரவில் எழுதுகிறாள். அக்காளுக்கு ஆற்றாமை, வாயால் சொன்னால் திரித்துச் சொன்னதாகும் என்று, எழுதியதை எழுதியபடியே படம் பிடித்துப் பெரியப்பாவுக்கு அனுப்புகிறாள். அவர் நியாயம் கேட்க வேண்டும் என்ற ஆத்திரத்தில் மாப்பிள்ளையின் மாமனுக்கு அனுப்புகிறார். மூன்றாம் நாள் அது அந்தப் பெண்ணின் மாமியார் கையில், அவளுடைய எழுத்துப் பிழைகளோடும், நடுவில் அவள் போட்ட அழும் பொம்மையோடும், அனுப்பிய நேரத்தோடும் இருக்கிறது. இதில் யாரும் கெட்ட எண்ணத்தோடு நடக்கவில்லை. வாய்வார்த்தையாக இருந்திருந்தால், கைமாறும்போது கொஞ்சம் தேய்ந்திருக்கும், இல்லை என்று சொல்லித் தப்பவும் இடமிருந்திருக்கும். படம் தேய்வதில்லை. தங்கை கொடுத்த சம்மதம் ஒரே ஒருத்திக்கு. அவளுக்கு அப்பால் போன ஒவ்வோர் அடியும் அவளுடைய சம்மதமில்லாத பிரசுரம். நம்முடைய குடும்பங்களில் நாம் அதைப் பிரசுரம் என்று நினைப்பதில்லை, ‘காட்டினேன்’ என்கிறோம்.

சட்டம் இதில் எவ்வளவு தூரம் துணைக்கு வரும் என்றால், கொஞ்ச தூரந்தான். நம் தமிழ்நாட்டிலிருந்தே இந்த விஷயத்தில் ஒரு முக்கியமான வழக்கு போனது பலருக்கு நினைவிருக்கலாம். மரண தண்டனைக் கைதியான ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் பத்திரிகை வெளியிடுவதைச் சிறை அதிகாரிகள் தடுக்கப் பார்த்தபோது, பத்திரிகையின் ஆசிரியர் ராஜகோபால் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1994ஆம் ஆண்டு வந்த தீர்ப்பில், தன்னைத் தன்பாட்டில் விடும்படி கேட்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்றும், ஒருவருடைய குடும்பம், திருமணம், தாய்மை, கல்வி போன்ற சொந்த விஷயங்களை, உண்மையோ பொய்யோ, புகழ்ச்சியோ இகழ்ச்சியோ, அவர் சம்மதமின்றி வெளியிடலாகாது என்றும் நீதிபதிகள் சொன்னார்கள். பொது ஆவணங்களில் ஏறிவிட்டவற்றுக்கு விலக்குக் கொடுத்து, பத்திரிகைக்கும் வழி விட்டார்கள். ‘உண்மையோ பொய்யோ’ என்ற இடத்தைக் கவனியுங்கள். “நான் பொய்யா சொன்னேன், அவள் எழுதியதைத்தானே காட்டினேன்” என்பது சமாதானமாகாது என்று அதற்குப் பொருள். பின்னர் 2017ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் தேதி, கர்நாடகத்து முன்னாள் நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், ஒன்பது நீதிபதிகள் ஒருமுகமாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றே தீர்த்துவிட்டார்கள். ஆனால் 2023இல் வந்த தனிநபர் தரவுச் சட்டம், ஒருவர் சொந்தக் காரியமாகவோ வீட்டுக் காரியமாகவோ கையாளும் தகவலை எட்டிப் பார்ப்பதில்லை. தம் தகவலைத் தாமே பொதுவில் வைத்துவிட்டவருக்கும் அது காவல் நிற்பதில்லை. ஆகவே என் சர்க்கரைக்கும் அதில் இடமில்லை. அக்காளும் பெரியப்பாவும் நடத்திய காரியத்துக்கும் இடமில்லை.

ஸ்கிரீன்ஷாட்டே கூடாது என்று நான் சொல்வதாகக் கொள்ள வேண்டாம். முகமறியாத ஒருவன் ஒரு பெண்ணுக்கு ஆபாசமாக எழுதிவிட்டு, மறுநிமிஷமே அழித்துவிட்டு, நல்லவனாக நடமாடும் காலத்தில், அவள் கையில் இருக்கும் ஒரே சாட்சி அந்தப் படந்தான். அதை அவள் போலீஸிடமும் வக்கீலிடமும் காட்டட்டும். அவளுக்கு எழுதிய கயவனுக்கு ஹார்ட்விக் பிரபுவைத் துணைக்கழைக்க யோக்கியதை கிடையாது. ஆனால் படம் சத்தியந்தான் பேசும் என்பதும் இல்லை. கணினியில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும், அதன் எழுத்துக்களை உலவியிலேயே மாற்றி எழுதிவிட்டுப் படம் பிடிக்க முடியும் என்று பேத்தி என் கண்முன் செய்து காட்டினாள். ஒரு நாளிதழின் முதற்செய்தி, எனக்கு மாவட்ட ஆட்சியர் பதவி கிடைத்ததாக மாறிற்று. 2024 ஜூலை முதல் அமலில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவோடு சான்றிதழும் கேட்பது இதனாலேதான் போலும். பணம் அனுப்பியதாகப் பொய்ப் படம் காட்டிவிட்டுப் போகிறவர்களிடம் ஏமாந்த கடைக்காரர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. பணம் வந்ததென்று ஒலிப்பெட்டி வாய் திறந்தால்தான் அவர்கள் சரக்கைக் கொடுக்கிறார்கள்.

நான் இப்பொழுது என்ன செய்கிறேன் என்று கேட்பீர்கள். கட்டுரையைப் பிறருக்குக் காட்ட வேண்டுமானால் அதன் சுட்டியை மட்டும் அனுப்புகிறேன், கேள்விக்குறிக்குப் பின்னால் உள்ள வாலை நறுக்கிவிட்டு. அவரவர் போய், அவரவர் விளம்பரத்தோடு படித்துக்கொள்ளட்டும். பிறர் எழுதியதைக் காட்ட வேண்டுமானால் எழுதியவரைக் கேட்கிறேன். இதற்குப் பயந்தே குழுவில் பலர் என்னோடு பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள், போகட்டும்.

இந்த விஷயமாக யோசிக்கும்போதெல்லாம் எனக்கு ஓர் அம்மாள் நினைவுக்கு வருகிறாள். வேலைக்குச் சேர்ந்த புதிது. தாமிரபரணிக் கரையில் ஒரு சின்ன அஞ்சலகம். மாதம் ஒரு தடவை வந்து அஞ்சலட்டை வாங்கி, பம்பாயிலிருக்கும் மகனுக்கு எழுதித் தரும்படி என்னிடம் நீட்டுவாள். பசு ஈன்றது, மழை பெய்தது, கோயில் கொடை முடிந்தது என்று சத்தம் போட்டே சொல்லுவாள். வரிசையில் நிற்கும் அத்தனை பேரும் கேட்பார்கள். “ஆச்சி, நாலு பேர் படிப்பாக; இன்லண்டு லெட்டர் வாங்கிக்கிடுங்களேன்” என்று ஒரு நாள் சொன்னேன். “படிச்சா படிக்கட்டும் எய்யா, நல்ல சேதிதானே” என்று சிரித்தாள்.

ஓர் ஆடியில், வெயில் கொளுத்தும் மத்தியானம், அஞ்சலகத்தில் யாருமில்லாத வேளை பார்த்து வந்தாள். அஞ்சலட்டை கேட்கவில்லை. இன்லண்டு லெட்டர் ஒன்று வாங்கிக்கொண்டு, எழுதித் தரவா என்று நான் கையை நீட்டியதற்கு, வேண்டாம் என்று தலையை அசைத்துவிட்டு வெளியே போனாள். வேப்ப மரத்தடியில் எட்டாம் வகுப்புப் படிக்கும் அவள் பேரன் உட்கார்ந்திருந்தான். அவன் காதோடு குனிந்து அவள் சொல்லச் சொல்ல, அவன் எழுதினான். பிறகு இருவரும் உள்ளே வந்தார்கள். மடிப்பு மடிப்பாக மடித்து, அதில் பசை இருந்தும் போதாதென்று, மேஜை மேலிருந்த கோந்துக் கிண்ணத்தில் விரலை விட்டு ஓரம் முழுக்கப் பூசி, உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு வெகு நேரம் நின்றாள். நான் முத்திரை வைக்கும் போது கூட அதை என் கையில் முழுசாக விடவில்லை.